குப்பைக்கு எத்தனை சொல்: வில்னியஸில் நடத்திய ஆங்கில வகுப்பு

"உடைந்த பாகங்களைப் போன வாரமே யூடிலைஸ் செய்துவிட்டோம்" என்று லிதுவேனியாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு மின்னஞ்சல் போனது. எழுதியவர் என் மாணவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளர். உடைந்ததையெல்லாம் ஒழித்தாயிற்று, கவலை வேண்டாம் என்றுதான் அவர் சொல்ல வந்தார். படித்தவர்களோ, உடைந்ததையெல்லாம் எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார்கள். எந்த இயந்திரத்தில் மாட்டினீர்கள், அது யாருக்குப் போயிருக்கிறது என்று அங்கிருந்து கேள்வி மேல் கேள்வி. இரண்டு நாள் ஃபோனில் பேசித்தான் விஷயம் அடங்கியது.

லிதுவேனிய மொழியில் 'உதிலிஸுவோதி' என்றொரு வினைச்சொல் இருக்கிறது. கழிவை, பழைய பேட்டரியை, ஓடாத காரை முறைப்படி ஒழிப்பதைக் குறிக்கும். ஆங்கிலத்து யூடிலைஸும் இதுவும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். பொருளில் மட்டும் ஒன்று கிழக்கே போனால் மற்றது மேற்கே போகும்.

அன்று மாலை வகுப்புக்கு அவர் அந்த அஞ்சலை அச்செடுத்துக்கொண்டு வந்தார். மேஜையில் வைத்து, "மோகிதோயா, இது என் தப்பா, அகராதியின் தப்பா?" என்று கேட்டார். மோகிதோயா என்றால் டீச்சர். நான் படித்துப் பார்த்துவிட்டு, "என் தப்பு" என்றேன். உண்மையும் அதுதான். முதல் வாரம் அவர்களுக்கு நான் கொடுத்தது அறுபது ஆங்கிலச் சொற்கள், எதிரே அறுபது லிதுவேனியச் சொற்கள். எந்தச் சொல் ஏமாற்றும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

கணவரின் வேலை காரணமாக 2017இல் லிதுவேனியாவின் தலைநகரான வில்னியஸுக்குப் போனேன். அதற்கு முன் மதுரையில் எட்டு வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன். குப்பையைத் தரம் பிரிக்கும் கூடங்களுக்கு இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனம், ஊழியர்களுக்கு மாலை நேர வகுப்பு எடுக்க ஆள் தேடியது. 2018 இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தோம். ஒன்பது பேர். செவ்வாயும் வியாழனும். அவர்களில் வயது முதிர்ந்தவர்கள் பள்ளியில் படித்த அயல்மொழி ரஷ்யன். 1990இல் நாடு விடுதலையை அறிவித்த பிறகு வளர்ந்தவர்களுக்குத்தான் ஆங்கிலம் ஓரளவு வந்தது. ஆனால் ஒன்பது பேருக்குமே தேவை ஒன்றுதான்: குப்பையைப் பற்றி ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேச வேண்டும், எழுத வேண்டும்.

நான் அங்கே போன நேரத்தில் ஊரே குப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நீலத் தொட்டியில் காகிதம், மஞ்சளில் பிளாஸ்டிக்கும் உலோகமும், பச்சையில் கண்ணாடி. 2016 பிப்ரவரியில் பாட்டில்களுக்கு முன்பணம் வாங்கும் முறை வந்திருந்தது. தண்ணீர், சோடா, பீர் வாங்கினால் பாட்டிலுக்கோ டின்னுக்கோ 10 சென்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலியானதைக் கொண்டுபோய் ஓர் இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும். அந்த இயந்திரத்தின் பெயர் 'தரோமாத்தஸ்'. காலிப் பாட்டில், டப்பா போன்றவற்றைக் குறிக்கும் 'தாரா'வையும் 'ஆட்டோமேட்'டையும் ஒட்டிச் செய்த சொல். எங்கள் மாடியில் இருந்த பாட்டியம்மா முதல் வாரமே என் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு லிதுவேனியம் தெரியாது. பாட்டிலை எப்படி வைக்க வேண்டும், நசுக்கக் கூடாது, மேலே ஒட்டியிருப்பதைக் கிழிக்கக் கூடாது என்று கையைப் பிடித்துச் செய்து காட்டினார். 'தாரா' என்ற சொல் அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது. பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை. இதை நான் என் வகுப்பில் நினைத்துப் பார்க்க, அந்த மின்னஞ்சல் வர வேண்டியிருந்தது.

சரி, பட்டியலைக் கிழித்துப் போட்ட பிறகு எங்கிருந்து தொடங்குவது? அவர்கள் மொழியிலிருந்தே தொடங்கினேன். லிதுவேனியத்தில் குப்பைக்கு இரண்டு முக்கியமான சொற்கள் உண்டு. 'ஷுக்ஷ்லேஸ்' வீட்டுச் சொல். 'அத்லியேகோஸ்' அலுவலகச் சொல். வீட்டில் யாரும் "அத்லியேகோஸைக் கீழே கொண்டுபோய்ப் போடு" என்று சொல்ல மாட்டார்கள். கேட்ட உடனே எனக்குப் புரிந்தது, ஏனென்றால் நம்மிடமும் அப்படியேதான் இருக்கிறது. தெருவில் வருவது குப்பை வண்டி. ஆஸ்பத்திரியில் சேர்வது மருத்துவக் கழிவு. குப்பைக்கு ரப்பிஷ், கழிவுக்கு வேஸ்ட் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். உடனே வடிவமைப்புப் பொறியாளர் ஒருவர் கேட்டார், "அப்படியானால் இக்னாலினாவில் இருப்பது?" இக்னாலினா அவர்கள் நாட்டு அணுமின் நிலையம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்காக மூட ஒப்புக்கொண்டு, 2009 கடைசியில் முழுக்க நிறுத்தினார்கள். அங்கே இருப்பது வேஸ்ட்தான், அதை ரப்பிஷ் என்று சொன்னால் கேட்பவர் பதறிவிடுவார் என்றேன். அன்றோடு அந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது.

அடுத்தது பன்மை. இதில்தான் நிறைய நேரம் செலவானது, செலவிட்டது சரியும்கூட. ஷுக்ஷ்லேஸ், அத்லியேகோஸ் இரண்டுமே பன்மை. அதனால் ஆங்கிலம் பேசும்போது 'ரப்பிஷஸ்', 'கார்பேஜஸ்', 'ட்ராஷஸ்' என்று வந்து விழும். நம் ஆட்களும் குப்பைகள், கழிவுகள் என்று எழுதிப் பழகிய கையோடு ஆங்கிலத்திலும் ஒரு 'ஸ்' சேர்ப்பதை மதுரையில் நூறு முறை திருத்தியிருக்கிறேன். எண்ண முடியாத பெயர்ச்சொல் என்று இலக்கணம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்கள், அடுத்த வரியிலேயே மறுபடி 'ரப்பிஷஸ்'.

அப்புறம் தமிழில் அரிசியை எப்படிச் சொல்வோம் என்று சொன்னேன். ஒரு படி அரிசி, இரண்டு கிலோ அரிசி என்போம், அரிசிகள் என்று கடையில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆங்கிலக்காரர்களுக்குக் குப்பையும் அப்படித்தான். ஆனால் இந்த உதாரணம் அவர்களிடம் எடுபடவில்லை. அவர்கள் மொழியில் அரிசியே பன்மைதானாம்! வேறு என்ன இருக்கிறது என்று அவர்களையே கேட்டேன். கணக்குப் பிரிவில் இருந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஸ்மேலிஸ்' என்றார். மணல். அது ஒருமை. பால்டிக் கடலோரம் நிதா என்ற ஊரில் பெரிய மணல் மேடுகள் உண்டு. கோடையில் எல்லோரும் அங்கே போவார்கள். நிதாவில் மணலை யார் எண்ணுவார்கள் என்று அவரே கேட்டார். ஒரு பை மணல், ஒரு லாரி மணல், ஒரு குவியல் மணல். ஒரு பை ரப்பிஷ், ஒரு லாரி வேஸ்ட், ஒரு குவியல் ட்ராஷ். அதற்குப் பிறகு யாராவது 'ஸ்' சேர்த்தால் நான் வாய் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் "ஸ்மேலிஸ்" என்பார், அவ்வளவுதான். (அதிகாரபூர்வ ஆவணங்களில் பல வகைக் கழிவுகளைக் குறிக்க வேஸ்டஸ் என்று வருவதுண்டு. ஆரம்பத்திலேயே அதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.)

ஆங்கிலமோ வேறு மொழியோ கற்றுக்கொடுக்கும் நண்பர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உதாரணம் நம் கையிலிருந்து வருவதைவிட மாணவரின் ஊரிலிருந்து வந்தால் பல மடங்கு வலுவாக நிற்கும். நமக்கு அந்த ஊர் தெரியாவிட்டால் கேட்க வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வேஸ்ட் என்ற சொல்லுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. தமிழர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. தண்ணீர் வேஸ்ட் ஆகிறது, நேரம் வேஸ்ட், காசை வேஸ்ட் பண்ணாதே என்று காலையிலிருந்து ராத்திரிவரை அந்தச் சொல்லைப் புழங்குகிறோம். லிதுவேனியர்களுக்கு அது ஆச்சரியம். அவர்களுக்குத் தொட்டியில் கிடப்பது அத்லியேகோஸ், பணத்தையும் சோற்றையும் வீணடிப்பது 'ஷ்வைஸ்தீதி', நேரத்தைப் போக்கடிக்க 'கைஷ்தி'. மூன்றும் வெவ்வேறு வேர். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் எப்படிப் போதும் என்று கேட்டார்கள்.

இதற்கு விடை சொல்லத் தமிழ்தான் கைகொடுத்தது. வேஸ்ட் என்ற சொல் வெறுமை, பாழ்வெளி என்ற பொருளுள்ள லத்தீன் 'வாஸ்துஸ்'ஸிலிருந்து வந்தது. தமிழில் பாழ் என்போம். ஆளில்லாத நிலம் பாழ்நிலம், சோற்றைக் கொட்டினால் பாழாக்காதே என்று அம்மா அதட்டுவார். நிலத்துக்கும் சோற்றுக்கும் ஒரே சொல், ஆங்கிலத்தில் இருப்பதுபோலவே. லிதுவேனியச் சொல்லான அத்லியேகோஸில் இருப்பதோ மிஞ்சுவது, எஞ்சுவது என்ற எண்ணம். மிச்ச நேரத்துக்கும் அவர்களிடம் இதே குடும்பத்துச் சொல்தான். நம் 'கழிவு'க்குள் கழித்தல் இருக்கிறது. ஒரே குப்பைக் கூடையை ஒருவர் பாழாகவும் ஒருவர் மிச்சமாகவும் நாம் கழித்ததாகவும் பார்க்கிறோம். இதைப் பலகையில் எழுதிப் போட்டதும் வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியானது. எனக்கும் அன்றுதான் இது முதல் தடவையாக உறைத்தது.

இந்த வித்தியாசம் ஏட்டுப் படிப்போடு நிற்பதல்ல. 'ஃபுட் வேஸ்ட்' என்று ஆங்கில அறிக்கையில் வந்தால் அது உருளைக்கிழங்குத் தோலா, சாப்பிடக் கூடிய ரொட்டியைத் தூக்கி எறிந்ததா? ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொள்ளும். லிதுவேனியத்தில் தோல் உணவு அத்லியேகோஸ், எறிந்த ரொட்டி உணவு ஷ்வைஸ்தீமஸ். தமிழிலும் உணவுக் கழிவு வேறு, உணவைப் பாழாக்குவது வேறு. அதனால் மொழிபெயர்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, இங்கே எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னேன். பயிற்சிக்காகச் சில வாக்கியங்களைக் கொடுத்தேன். அதில் ஒன்று, "வீட்டுக் குப்பையில் பாதி ரொட்டி கிடந்தது." லாரி ஓட்டுநர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ரொட்டி குப்பையில் இருக்காது, மோகிதோயா" என்றார். அவர் வீட்டில் ரொட்டித் துண்டு தரையில் விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்களாம். அங்கே அது பழைய வழக்கம், கறுப்பு ரொட்டிக்கு அப்படி ஒரு மரியாதை. சோறு சிந்தினால் எங்கள் பாட்டி ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கியதை நான் சொன்னேன். அன்று பாடம் அதற்கு மேல் நகரவில்லை. நகராததில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த வாக்கியத்தை மாற்றிவிட்டேன்.

இனி வினைச்சொற்கள். என் அனுபவத்தில் குப்பைச் சொற்களைக் கற்பதற்கு உண்மையான வாசல் இதுதான். த்ரோ அவே, த்ரோ அவுட், டேக் அவுட், பிக் அப் என்று ஆங்கிலத்தில் சின்னச் சின்ன ஒட்டுகள் வினைக்குப் பின்னால் வரும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது மலைபோல இருக்கும், ஏனென்றால் நாம் அந்த வேலையைத் துணைவினையிடம் விட்டிருக்கிறோம்: எறிந்துவிடு, போட்டுவிடு, எடுத்துவை. நானும் பள்ளியில் அவற்றை மனப்பாடம் செய்துதான் தப்பித்தேன். லிதுவேனியர்களுக்கோ இது அவர்கள் வீட்டுச் சொத்து. அவர்கள் ஒட்டு வினைக்கு முன்னால் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 'மெஸ்தி' எறிவது, 'இஷ்மெஸ்தி' வெளியே எறிவது. 'நெஷ்தி' சுமப்பது, 'இஷ்நெஷ்தி' வெளியே சுமந்துபோவது. முன்னால் இருக்கும் 'இஷ்'ஷைப் பின்னால் கொண்டுபோனால் ஆங்கிலத்து அவுட் கிடைத்துவிடும். 'சுரிங்க்தி'யில் உள்ள 'சு' ஒன்றுசேர்ப்பது, பிக் அப் அதற்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும். திரும்பச் செய்வதைச் சொல்லும் 'பெர்'ரும் வேலை செய்வதைச் சொல்லும் 'திர்ப்தி'யும் சேர்ந்தால் ரீசைக்கிள். ஒரே மாலையில் இருபது வினைச்சொற்கள் ஓடின. நான் எழுதுவதற்குள் அவர்கள் சொல்லி முடித்தார்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்த வித்தை வேலை செய்யாது. டிஸ்போஸ் என்பதற்குப் பின்னால் 'ஆஃப்' வந்தே ஆக வேண்டும். லிதுவேனியர்களும் விடுகிறார்கள், நாமும் விடுகிறோம். கிடங்குப் பொறுப்பாளர் அதைச் சிவப்பு மையில் எழுதித் தன் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்தார், யூடிலைஸுக்குப் பக்கத்திலேயே.

பிரிட்டிஷ், அமெரிக்க வேறுபாட்டைப் பற்றி எல்லோரும் நிறையக் கேட்பார்கள். அதற்கு இவ்வளவு கவலை தேவையில்லை. யாருக்கு எழுதுகிறோமோ அவர் சொல்லை எடுத்துக்கொண்டால் போதும். லண்டனுக்கு ரப்பிஷ், அதைப் போடும் தொட்டிக்கு 'பின்'. நியூயார்க்குக்கு கார்பேஜ், ட்ராஷ். ஆனால் 'கன்டெய்னர்' என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். லிதுவேனியாவில் வீட்டு வாசலில் நிற்கும் தொட்டியும் 'கொன்தெய்னெரிஸ்'தான், கட்டட இடிபாட்டை அள்ளிப் போடும் பெரிய இரும்புப் பெட்டியும் அதுதான். "வாசலில் இரண்டு கன்டெய்னர் நிற்கிறது" என்று எழுதினால் ஆங்கிலேயர் கப்பலில் ஏற்றும் பெட்டியைக் கற்பனை செய்வார். வாசலில் நிற்பது 'பின்', இரும்புப் பெட்டி பிரிட்டனில் ஸ்கிப், அமெரிக்காவில் டம்ப்ஸ்டர். டம்ப்ஸ்டர் என்பது 1930களில் டென்னஸியில் டெம்ப்ஸ்டர் என்ற குடும்பத்து நிறுவனம் தன் பெயரோடு டம்ப்பைக் கலந்து வைத்த வணிகப் பெயர், பிறகு பொதுச்சொல்லாகிவிட்டது. பெயர் பிறந்த கதையைச் சொன்னதால்தான் அது எல்லோருக்கும் நினைவில் நின்றது.

உச்சரிப்பில் நாங்கள் இரு தரப்பும் ஒரே படகில் இருந்தோம். அவர்கள் மொழியிலும் ஒரே ஒரு வகரம், நம் மொழியிலும் ஒரே ஒரு வகரம். ஆங்கிலத்திலோ v, w என்று இரண்டு. வேகமாகப் பேசும்போது வேஸ்ட் 'வெஸ்ட்' ஆகிவிடும். பிரிட்டனில் வெஸ்ட் என்றால் பனியன். தரம் பிரிக்கும் கூடத்தில் எல்லோரும் ஒளிரும் மேல்சட்டை போட்டிருப்பார்கள், அதற்கும் வெஸ்ட் என்ற பெயர் உண்டு. குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும். உதட்டைப் பல்லில் வைக்காதே, குவி என்று மதுரையில் சொல்வேன். இங்கே அதைவிட நல்ல வழி இருந்தது. ரொட்டிக்கு அவர்கள் சொல் 'துவோனா'. அதில் 'து'வுக்குப் பிறகு உதடு குவிந்து விரியும் இடம் ஒன்று வருகிறது. "துவோனா சொல்லுங்கள், நடுவில் நிறுத்துங்கள், உதடு இருக்கிற இடத்திலிருந்தே வேஸ்ட் சொல்லுங்கள்" என்றேன். ஒன்பது பேரும் உதட்டைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி இன்றும் கண்ணில் இருக்கிறது. வந்துவிட்டது, எல்லோருக்கும் வந்துவிட்டது.

ரெஃப்யூஸ் என்ற சொல்லையும் அன்றே முடித்தோம். முதல் அசையை அழுத்தினால் குப்பை, இரண்டாம் அசையை அழுத்தினால் மறுப்பது. இதை விளக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுத்து மாறாமல் குரலின் ஏற்ற இறக்கத்தில் மட்டும் உயரமும் கட்டடத்தின் மாடியும் வேறுபடும் மொழி அவர்களுடையது.

2019 வசந்தத்தில் வகுப்பை வெளியே கொண்டுபோனேன். லிதுவேனியாவில் 2008 முதல் ஆண்டுதோறும் வசந்தத்தில் 'தாரோம்' என்ற பெயரில் நாடு முழுக்கத் துப்புரவு நாள் நடத்துகிறார்கள். செய்வோம் என்று பொருள். ஊர் கூடிச் செய்யும் வேலைக்கு அவர்களிடம் 'தல்கா' என்று அழகான பழைய சொல் இருக்கிறது. குடும்பத்தோடு வந்தார்கள், நகரத்தின் ஓரத்தில் ஒரு பைன் காட்டில் அரை நாள். கையில் எடுப்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், எடுக்கும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே விதி.

கவனித்த ஒரு விஷயம்: 10 சென்ட் கிடைக்கிற பாட்டில் ஒன்றுகூடக் காட்டில் கிடக்கவில்லை. ஒயினும் வோட்காவும் அந்த முறைக்குள் வராதவை, அந்தப் பாட்டில்கள் மட்டும் புல்லுக்குள் கிடந்தன. அப்புறம் சிகரெட் துண்டுகள், மிட்டாய் உறைகள், ஒரு டயர். கடைசியில் பள்ளத்தில் முழு சோபா ஒன்று. யாரோ ராத்திரியில் வண்டியில் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரிட்டனில் அந்தக் குற்றத்துக்கு 'ஃப்ளை டிப்பிங்' என்று பெயர். 'டிப்' என்றால் கவிழ்ப்பது, குப்பைக் கிடங்குக்கும் அங்கே 'டிப்' என்றே சொல்வார்கள். ஓட்டுநர் உடனே பிடித்துக்கொண்டார். அவர்களின் 'சாவர்தீனஸ்', அதாவது குப்பைக் கிடங்கு, அதற்குள்ளும் கவிழ்ப்பது என்ற வினைதான் இருக்கிறதாம். நாம் குப்பை கொட்டுவதும் அதே கைவேலைதான்.

லிட்டர் என்ற சொல்லில் நானும் அவர்களும் சேர்ந்தே தடுக்கி விழுந்தோம். தமிழில் பால் ஒரு லிட்டர், அவர்களுக்கு 'லித்ரஸ்'. ஆங்கிலத்தில் அளவு லீட்டர் என்று நீளும், தெருவில் சிதறிக் கிடப்பது லிட்டர் என்று குறுகும். இந்த லிட்டர் முதலில் படுக்கை வைக்கோலைக் குறித்தது. கால்நடைக்குப் பரப்பிய வைக்கோல் சிதறிக் கிடப்பதுபோலக் கிடப்பதால் குப்பைக்கும் அந்தப் பெயர் வந்தது. பையில் கட்டி வைத்த குப்பை லிட்டர் ஆகாது, சிதறிக் கிடந்தால்தான் லிட்டர். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே இதைச் சொன்னதால் யாரும் பிறகு மறக்கவில்லை. வகுப்பறையில் மூன்று வாரம் ஆகிற பாடம் அந்த அரை நாளில் முடிந்தது. முதல் மாதமே ஏன் இப்படிச் செய்யவில்லை என்று வருந்தினேன்.

அந்த வருடம் அக்டோபரில் அலிதுஸ் நகரத்தில் டயர் மறுசுழற்சி ஆலை ஒன்று தீப்பிடித்தது. வில்னியஸிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பத்து நாள்வரை எரிந்தது. தரப் பரிசோதனை செய்யும் மாணவியின் பெற்றோர் அந்த ஊரில்தான் இருந்தார்கள். ஜன்னலைத் திறக்காமல் இருந்தார்கள். அவர் வகுப்புக்கு வந்து, இன்று இதைத்தான் ஆங்கிலத்தில் சொல்லப் போகிறேன், திருத்துங்கள் என்றார். புகைக்கு அவர்கள் சொல் 'தூமாய்', அதுவும் பன்மை. 'ஸ்மோக்ஸ்' என்று ஆரம்பித்து, தானே நிறுத்தி, "ஸ்மேலிஸ்" என்று சொல்லிவிட்டு ஸ்மோக் என்று திருத்திக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, தலையசைத்தேன். அவர் பேசி முடித்த பிறகு, தமிழ்ச் செய்யுளில் புகைக்குத் தூமம் என்ற சொல் உண்டு, அது சமஸ்கிருதத்திலிருந்து எங்களுக்கு வந்தது, உங்கள் தூமாயும் அந்தச் சமஸ்கிருதச் சொல்லும் உறவு என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். டயர்களை யூடிலைஸ் செய்தார்கள் என்று அன்று யாரும் சொல்லவில்லை. ரீசைக்கிள் செய்ய வேண்டியது எரிந்துவிட்டது என்று சொன்னார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, வகுப்பும் நின்றது. அதற்குச் சில வாரங்கள் முன்பு எங்கள் குடியிருப்பில் ஒரு சிக்கல். வெளிநாட்டு மாணவர்கள் நிறையப் பேர் குடிவந்திருந்தார்கள், எந்தத் தொட்டியில் எதைப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு எழுதிக் கொடு என்று பாட்டியம்மா என்னைக் கேட்டார். நான் எழுதவில்லை. அந்த லாரி ஓட்டுநரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஆறு வரி எழுதி வந்தார். அட்டைப்பெட்டியைத் தட்டையாக்குங்கள். ஜாடியைக் காலி செய்யுங்கள். பையைக் கட்டுங்கள். மூடியை மூடுங்கள். தரையில் எதையும் விடாதீர்கள். ஒவ்வொரு வரியும் ஒரு வினைச்சொல்லில் தொடங்கியது, எங்கும் ஒரு 'ஸ்' மிச்சமில்லை. ஆறாவது வரி அவராகச் சேர்த்தது: ரொட்டி மிஞ்சினால் குப்பையில் போடாதீர்கள், மூன்றாவது மாடிப் பாட்டியிடம் கொடுங்கள், அவருக்குப் பறவைகள் உண்டு.

பாட்டியம்மாவிடம் கடைசி வரியை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவரே பசை தடவிச் சுவரில் ஒட்டினார்.